விடைத் தாம்பூலம் வாங்காத வணிகர்

"இந்த ஆத்துத் தண்ணி இல்லன்னா நம்ம பட்டுச் சாயச் சிவப்பு ஒரே மாசத்துல வெளுத்துடும் மச்சான். சபையில மட்டும் இதச் சொல்லிடாதீங்க."

படித்துறையில் ஈரத் துண்டோடு நின்ற மந்திரி திருவேகம்பர் காதில் இது விழுந்தது. பேசியவன் வெளியூர்ப் பட்டு வணிகர் குபேரதத்தரின் மைத்துனன். மந்திரி தலையைத் துவட்டிக்கொண்டு அலுப்போடு சபைக்கு நடந்தார்.

அந்தக் காலத்தில் பொன்னாற்று நாட்டைக் கோளாந்தகன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். எந்தப் பெரிய வணிகராவது 'பக்கத்து நாட்டில் கூப்பிடுகிறார்கள்' என்றால் போதும், ராஜாவுக்கு இருப்புக் கொள்ளாது. எண்ணெய் வணிகருக்கு ஏரிக்கரையைக் கொடுத்தார். கப்பல் வணிகருக்குக் காட்டைக் கொடுத்தார். அவர்கள் கட்டாத வரியெல்லாம் குடியானவர் தலையில் விழுந்தது. குடியானவர்களுக்குச் சமாதானம் சொல்லிச் சொல்லியே மந்திரிக்கு முடி நரைத்தது.

இப்போது குபேரதத்தர் சாயப் பட்டறைக்கு இலவச நிலம் கேட்டார். இருபது வருஷத்துக்கு வரி கூடாது என்றார். நாட்டு வழக்கப்படி இரண்டு படி நெல் கூலி கொடுக்க முடியாது, ஒரு படிதான் என்றார். ஒரு படியில் ஒரு குடும்பத்துக்கு அரை வயிறுதான் நிரம்பும். மந்திரி பதவிமேல் கண்வைத்திருந்த தளவாய் செம்பியராயரோ, அரைப் படியே அதிகம் என்று எடுத்துக்கொடுத்தார்.

"வேங்கை நாட்டில் யானை அனுப்பிக் கூப்பிடுகிறார்கள், மகாராஜா," என்றார் வணிகர்.

ராஜா தலையாட்டப் போனார். மந்திரி மெல்ல எழுந்தார்.

"அப்படியானால் நாம் குறுக்கே நிற்கக் கூடாது, பிரபு. விடைத் தாம்பூலம் கொடுத்து அனுப்பிவிடலாம்."

அந்தச் சபையில் விடைத் தாம்பூலம் வாங்கியவர் பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டிவிட வேண்டும். அந்த ராஜா இருக்கும்வரை திரும்ப முடியாது. மந்திரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தளவாய் சிரித்தார். வெற்றிலைத் தட்டு வந்தது. மந்திரி அதை வணிகரிடம் நீட்டினார். வணிகரின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின.

"வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா. யானை காத்திருக்குமே."

"அவசரமில்லை. நிலத்தை விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்."

தட்டு நகரவில்லை.

"வரியும் கட்டுகிறேன்."

"கை வலிக்கிறது ஐயா," என்றார் மந்திரி. "கூலி?"

"இரண்டு படி."

மந்திரி தட்டைக் கீழே வைத்தார். ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். தளவாய்க்கும் ஒரு வேலை கொடுத்தார்: பட்டறையில் தினக்கூலி நெல்லை இனி அவரே அளக்க வேண்டும்.

பட்டறை திறந்த அன்று சாயங்காலம், செம்பியராயர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் குந்தி, ஒரு சாயக்காரியின் முந்தானையில் இரண்டாவது படியையும் கொட்டினார்.