ஆறு மணிக்கு அரைத்த பப்பாளி

பிரமநாயகி அம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது. அவரிடம் தியானம் பழக வந்த ஏழு பேரில் மூத்தவர் சுயம்புலிங்கம். அவருக்கு அறுபத்து மூன்று. ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு முப்பத்தோரு வருடம் பம்பு ஓட்டி ஓய்வு பெற்றவர்.

ஒரு புதன்கிழமை ஆறு பேர் கண்ணை மூடியிருந்தார்கள். சுயம்புலிங்கம் மூடவில்லை.

“என்ன அண்ணாச்சி?” என்றார் அம்மா.

“பிழைக்க வேண்டாம்னு முடிவு பண்ணின மனசைத் திருப்ப முடியுமா அம்மா?”

“யாரு முடிவு பண்ணினது?”

“தாணம்மைதான்.”

தாணம்மை அவர் மனைவி. தொண்டையில் ஆபரேஷன் நடந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. கெட்டியாக, வழவழப்பாக இருப்பதை மட்டுமே விழுங்க முடியும். பழத்தைப் பாலில் அரைத்துக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை எடை பார்ப்பார்கள். நாற்பது கிலோவுக்குக் கீழே போனால் மூக்கில் குழாய். திங்கட்கிழமை நாற்பதரை இருந்தது.

“ரெண்டு வாய் குடிக்கா. கசக்குன்னு தம்ளரைத் தள்ளிடுதா. நான் அரைச்ச உடனே ருசி பாக்கேன். தேனா இருக்கு. அவளுக்கு மட்டும் எப்படிக் கசக்கும்?”

“எப்போ அரைப்பீங்க?”

“காலைல ஆறு மணிக்கு.”

“நாளைக்கு வாரேன்.”

மறுநாள் ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா அவர் வீட்டு அடுக்களையில் நின்றார்.

சுயம்புலிங்கம் பழுத்த பப்பாளியைத் தோல் சீவினார். விதையை வழித்துவிட்டுப் பன்னிரண்டு துண்டு போட்டார். மட்டி வாழைப்பழம் இரண்டு. இளநீர் வழுக்கை நான்கு கரண்டி. மிக்ஸியில் முதலில் காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றினார். பிறகுதான் பழம். இருபது எண்ணும்வரை ஓட்டி நிறுத்தினார். மறுபடியும் இருபது.

வெள்ளைத் துணியில் மூன்று தரம் வடிகட்டினார். ஒருநாள் ஒரு நார் சிக்கித் தாணம்மைக்கு மூச்சு முட்டியிருந்தது. அன்றிலிருந்துதான் மூன்று தரம்.

ஒரு கரண்டி ருசி பார்த்தார். “தேன்” என்றார். மூடி, ஃபிரிட்ஜில் வைத்தார்.

“இப்போ கொடுக்கலையா?”

“பதினொண்ணுக்கு அம்மா.”

“பதினொண்ணுன்னு சொன்னது யாரு?”

“நான்தான். எட்டுக்குப் பொடிச்ச மாத்திரை, ஒம்போதுக்குக் கெட்டிக் கஞ்சி, பதினொண்ணுக்குப் பழம். ஆனா ஒம்போது மணிக்குக் கரண்டு போனாலும் போயிடும். இருக்கும்போதே அரைச்சு ரொப்பி வச்சிடணும்.”

“கொடுக்கும்போது ருசி பாப்பீங்களா?”

“மூடினதைத் திறந்து தொட மாட்டேன். கிருமி.”

அம்மா அதை எடுத்துப் பாதியை ஒரு தம்ளரில் ஊற்றினார். மீதியைத் திரும்ப உள்ளே வைத்தார்.

“ஐயோ, நேரம் ஆகலையே! இப்போ குடிச்சா பதினொண்ணுக்குக் குடிக்க மாட்டாளே!”

உள்ளறையிலிருந்து கரகரத்த குரல் வந்தது. “கொண்டாங்க அம்மா. அஞ்சு மணிக்கே முழிச்சாச்சு. இவரு என்னையும் தொட்டின்னு நினைச்சிட்டாரு. முறை வந்தாத்தான் திறந்துவிடுவாரு.”

தாணம்மை குடித்தாள். சுயம்புலிங்கம் அறை வாசலில் நின்று ஒவ்வொரு விழுங்கலையும் எண்ணினார். மூன்றாவதில் அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். அவள் தள்ளவில்லை. பதினேழில் தம்ளர் காலியாயிற்று.

“தொண்டை எரியுதா?”

“இல்ல.”

“கசக்கலையா?”

“இல்லங்கேன்.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மா வந்திருக்கிறார் என்று மரியாதைக்குக் குடித்திருப்பாள் என்றார். அம்மா முன்னறையில் உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பது மணிக்குக் கரண்டு போகவில்லை. பதினொன்று அடித்ததும் அம்மா மீதிப் பாதியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“ருசி பாருங்க.”

ஒரு கரண்டி வாயில் விட்டார். முகம் சுருங்கியது. இன்னொரு கரண்டி விட்டார்.

“இது காலைல நான் அரைச்சதுதானா?”

“அதேதான். பப்பாளி பாலோட சேர்ந்து நின்னா கசந்திடும் அண்ணாச்சி.”

“தேனா இருந்துச்சே.”

“ஆறு மணிக்கு இருந்துச்சு.”

சுயம்புலிங்கம் தரையில் உட்கார்ந்தார். “அப்போ அவ சொன்னது அத்தனையும் நெசம். நான் அவளை என்னவெல்லாம் நினைச்சேன்...”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?”

அவர் எழுந்தார். பப்பாளியைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார்.

“நாளைக்கு எடை பாக்காங்க. நாப்பது இருக்குமா அம்மா? ஒருவேளை குறைஞ்சிருந்தா—”

அம்மா கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“அக்கா இப்போ கேக்காங்க, அண்ணாச்சி.”