யார் வந்தாலும்

"நாளைக் காலையில என் விளக்குச் சுவரைக் கழற்றப் போறாங்களாம், டீச்சர்!"

செழியன் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் உள்ளே வந்தார். ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, ஐம்பது வயதில் ஒளிக்கலை கற்க வந்தவர். ஆறடி உயரம். கோபம் அதற்கும் மேலே.

பர்வீன் டீச்சர் அவரைவிட வயதில் சிறியவர். பழைய புரொஜெக்டர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னது?"

"கண்காட்சி நடத்துறவங்கதான். சுவர் எரியவே மாட்டேங்குதுன்னு ஜனங்க புகார் சொல்றாங்களாம். என் முதல் படைப்பு, டீச்சர்! இதுவே போச்சுன்னா இனிமே என்னை எவன் கூப்பிடுவான்?"

"உங்களுக்கு எரியுதா?"

"நான் போய் நின்னா ஒரு தடவைகூடத் தவறினதில்ல. கூடம் காலியா இருக்கும்போது நானே நின்னு நின்னு பார்த்துதான் சென்சாரைப் பொருத்தினேன். இந்த ஜனங்களுக்கு ஒரு படைப்பு முன்னால எப்படி நிக்கணும்னே தெரியல. வர்றாங்க, இருட்டுன்னு முணுமுணுக்குறாங்க, போயிடுறாங்க. ரசனை கெட்ட கூட்டம்!"

டீச்சர் துணியை உதறி வைத்தார்.

"வாங்க, பார்ப்போம்."

கண்காட்சிக் கூடத்தில் மங்கலான இருட்டு. சுவரோரம் ஒரு பலகையில் படைப்பின் பெயர்: 'யார் வந்தாலும்'. எதிரே ஆள் வந்து நின்றதும் சென்சார் கண்டுகொள்ள வேண்டும். சுவர் முழுக்க விளக்குகள் பூப்போல விரிய வேண்டும்.

செழியன் போய் நின்றார். விரிந்தது.

"பாத்தீங்களா?" என்றார், வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

அவர் விலகியதும் டீச்சர் நின்றார்.

இருட்டு.

"கொஞ்சம் முன்னால வாங்க."

வந்தார். இருட்டு.

"அசையாம நில்லுங்க."

நின்றார். இருட்டு.

"அப்படி இல்ல, நல்லா நிமிர்ந்து..." செழியனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. டீச்சர் என்றும் பார்க்கவில்லை. "கொஞ்சம் எக்கித்தான் நில்லுங்களேன்!"

டீச்சருக்குச் சுருக்கென்றது. எந்த மாணவரிடமும் அவருக்கு இப்படிக் கோபம் வந்ததில்லை.

எக்கினார். அதுவும் போதவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

சுவர் பளீரென்று விரிந்தது. டீச்சரின் தலை தன் நெஞ்சளவுதான் என்பதைச் செழியன் அந்த வெளிச்சத்தில்தான் கவனித்தார்.

கையை இறக்காமலே டீச்சர் கேட்டார்:

"இப்பத்தான் நான் வந்தேனா, செழியன் சார்?"