கிருமாயி வீட்டு வாசல்காரன்

அந்தக் காலத்தில், மரமும் மண்ணும் கிருமியும்கூட வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பலாமரத்தடியில் பழுத்து விழுந்து வெடித்த பழம் ஒன்று கிடந்தது. அதன் ஒரு சுளைக்குள் கிருமாயி என்றொரு கிருமி குடியிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத உடம்பு, ஊரைக் கூட்டும் வாய்.

அவள் வீட்டுச் சுவரில் தொப்ளான் என்று ஒரு வாசல்காரன். சுவரிலேயே பிறந்தவன், அதை விட்டு நகரத் தெரியாதவன். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. வீட்டுக் கழிவை வாரி வெளியே தள்ளுவதுதான் அவன் வேலை. வெளியே தேங்கிய பழப் புளிப்பை ஒரு மடக்குக் குடித்தால்தான் அவன் கை அசையும். பாவம், அவனுக்கு யாரையும் அடையாளம் தெரியாது. தடவிப் பார்ப்பான், எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் தூக்கி வெளியே போட்டுவிடுவான்.

அன்று பொழுது சாய்வதற்குள் கிருமாயி இரண்டாகப் பிரிய வேண்டும். கிருமிகளுக்குப் பிள்ளைப்பேறு என்றால் அதுதான்: பாதி தாய், பாதி மகள். அதற்கென்று அவள் ஆசையாக வரவழைத்த கொட்டை எண்ணெயைத் தொப்ளான் தடவிப் பார்த்தான். வீசிவிட்டான்.

"அடப்பாவி! எதிர்வீட்டு வாசல்காரன் ஆளைப் பாத்ததும் பேரைச் சொல்றான். உனக்கு எதுக்குடா தண்டச்சோறு?"

"பிசுக்கா இருந்துச்சு, ஆத்தா."

"மக பொறக்கட்டும். உன்னை இடிச்சுட்டுச் சுவரைப் பூசிடறேன்!"

பழத்தின் காம்புப் பக்கம் பூசணத்தார் குடியிருந்தார். பச்சைப் போர்வை, பெரிய வயிறு. முழுப் பழமும் தனக்கே வேண்டும் என்று அவருக்கு ஆசை. கிருமிகளை ஒழித்துக்கட்ட விஷ வீரர்களைக் காய்ச்சி இறக்கினார்.

முதலில் சிவப்பு வீரர்கள் வந்தார்கள். எதிர்வீட்டுக் கெட்டிக்கார வாசல்காரன் ஒரே பார்வையில் கண்டுகொண்டு அவர்களைத் துண்டு துண்டாக வெட்டினான். தொப்ளான் தடவிப் பார்த்தான். பிசுக்கு. தள்ளினான்.

பூசணத்தார் லேசுப்பட்டவரா? அடுத்து மஞ்சள் வீரர்களை அனுப்பினார். "மஞ்சளா? எதிரின்னா சிவப்பால்ல இருப்பான்" என்று எதிர்வீட்டுக்காரன் வழிவிட்டான். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் பேச்சு மூச்சில்லை.

மகளின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்று கிருமாயி பயந்தாள். தொப்ளான் மஞ்சளையும் தள்ளினான், பின்னால் வந்த நீலத்தையும் தள்ளினான். ஆனால் ஒருவனைத் தள்ளினால் இருவர் புகுந்தார்கள்.

"முடியல ஆத்தா. ஒத்தைக் கை."

கிருமாயி யோசிக்கவில்லை. மகளுக்கென்று சேர்த்து வைத்த சாப்பாட்டையெல்லாம் அள்ளிக் கொட்டி, தொப்ளானைப் போலவே சுவர் முழுக்க வாசல்காரர்களை வார்த்து நிறுத்தினாள்.

"பேர் கேக்காதீங்க, ஊர் கேக்காதீங்க, தள்ளுங்கடா!"

தள்ளினார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் வந்த வழியே பறந்தன. ஆனால் வெளியே தேங்கிய புளிப்பெல்லாம் குடித்துத் தீர்ந்துபோனதால் வாசல்காரர்கள் சோர்ந்து தொங்கினார்கள். இன்னும் ஒரு படை வந்திருந்தால் கிருமாயியின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வரவில்லை. பழத்தில் சத்தம் அடங்கியதைக் கேட்ட பூசணத்தார், "எல்லாம் ஒழிஞ்சுதுங்க. மிச்சப் படை எதுக்கு வீணா?" என்று போர்வையை இழுத்து மூடி, காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

கிருமாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தொப்ளானைக் கட்டிக்கொள்ளப் போனாள். "உன்னையாடா இடிக்கிறேன்னு சொன்னேன்!"

"தள்ளி நில்லு ஆத்தா. நீயும் பிசுக்காத்தான் இருக்கே."

கிருமாயி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த சிரிப்பிலேயே இரண்டாகப் பிரிந்தாள். பிறந்த மகளுக்குக் கொடுக்க ஒரு வாய்ச் சோறு இல்லை. அதனால் வாசல்காரர்களில் பாதிப் பேரைத் தாய்வீட்டுச் சீராகக் கொடுத்தாள். மகள் தன் மகளுக்குக் கொடுத்தாள். சீர் இன்னும் நின்றபாடில்லை.

பூசணம் காய்ச்சும் அந்த விஷத்தைத்தான் நாம் கிருமிக்கு மருந்தாக விழுங்குகிறோம். அன்று முதல்தான் ஒரு மருந்தைத் தள்ளப் பழகிய கிருமி பல மருந்தையும் தள்ளுகிறது. அன்று முதல்தான், காய்ச்சல் விட்டதே என்று நாம் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காலை நீட்டும்போதெல்லாம், உள்ளே ஒரு கிருமாயி சிரித்துக்கொண்டே மகளுக்குச் சீர் பிரிக்கிறாள்.