ஆற்றைக் கலக்கிய எருமை

ஊருக்கு நடுவே ஓடிய ஆற்றின் கரைப்பொந்தில் ஒரு மீன்கொத்தி மூன்று குஞ்சுகளோடு குடியிருந்தாள். ஓடிய ஆறு என்றா சொன்னேன்? அது எங்கே ஓடியது! பாலத்துக்கு அடியில் பழைய சாக்கும் கிழிந்த பாயும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கறுத்துக் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் மீன் தெரியாது. மீன் தெரியாவிட்டால் குஞ்சுகளுக்கு இரை ஏது?

ஆற்றுவாசிகள் கூடிப் பேசினார்கள். அவர்களில் தவளைதான் பெரிய மேதாவி.

“தண்ணீர் அசையாமல் இருந்தால்தான் தெளியும். இன்றுமுதல் யாரும் ஆற்றில் காலை வைக்கக் கூடாது!” என்றது.

எல்லாரும் தலையாட்டினார்கள். நண்டுகூட வளையை விட்டு வரவில்லை. பத்து நாள் போயிற்று. தண்ணீர் தெளியவில்லை, நாறியது!

பதினோராம் நாள் காலை கூழைக்கொம்பி என்ற எருமை ஆற்றில் தொபுக்கென்று இறங்கினாள். நேரே பாலத்தடிக்குப் போய், கொம்பை மாட்டி ஒரு சாக்கை இழுத்தாள். அடிச்சேறெல்லாம் மேலே கிளம்பிவிட்டது.

மீன்கொத்திக்கு வயிறு எரிந்தது. “அடிப்பாவி! தெளியப் போகிற நேரத்தில் கலக்குகிறாயே! கத்தினாலும் எருமைமாட்டு மேல் மழை பெய்த மாதிரி நிற்கிறாயே!”

“மழை பெய்தால் எனக்குச் சுகம்தானே, தங்கச்சி!” என்றாள் எருமை. “அசையாமல் வைத்தால் தெளிய இதென்ன குடத்துத் தண்ணீரா? ஆறு ஓடினால்தான் தெளியும். குஞ்சுகள் பட்டினியா? வா, முதுகில் உட்கார். நான் புல்லில் நடந்தால் வெட்டுக்கிளி கிளம்பும். பிடித்துக்கொண்டு போ.”

திட்டிய வாயை மூடிக்கொண்டு மீன்கொத்தி ஏறி உட்கார்ந்தாள். அன்று குஞ்சுகள் வயிறு நிறையத் தின்றன.

அதன்பிறகு காலையில் பாலத்தடி வேலை, மத்தியானம் புல்வெளி. பார்த்துக்கொண்டிருந்த நண்டுக்கும் வெட்கம் வந்தது. அதுவும் வந்து, சிக்கிய கயிறுகளைக் கொடுக்கால் வெட்டிக் கொடுத்தது. மூன்றாம் நாள் கடைசிப் பாய் வெளியே வந்ததும் தண்ணீர் சளசளவென்று ஓடத் தொடங்கியது!

கரையில் குவிந்து கிடந்ததைப் பார்த்து ஊர்க்காரர்கள் தலைகுனிந்தார்கள். வண்டி கொண்டுவந்து அள்ளிப் போனார்கள். பாலத்தில் நின்று பையை வீசும் பழக்கமும் அன்றோடு நின்றது.

சில நாளில் ஆற்றின் அடிமணல் தெரிந்தது. “நான்தான் அப்போதே சொன்னேனே, தெளியும் என்று!” என்றது தவளை. யாரும் காதில் வாங்கவில்லை.

மீன்கொத்தி சரேலென்று பாய்ந்து ஒரு கெண்டையைப் பிடித்தாள். பொந்துக்குப் போகவில்லை. எருமையின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

“முதல் மீன் உனக்கு, அக்கா!”

“அட பைத்தியமே, நான் புல் தின்கிறவள்! பிள்ளைகளுக்குக் கொடு.”

மீன்கொத்திக்குக் கண் கலங்கியது. “உன்னைத் திட்டியவளின் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாயே, அக்கா! உயிருள்ளவரை மறக்க மாட்டேன்!”

அழுக்கை வெளியே இழுப்பவர் முதலில் கொஞ்சம் கலக்கத்தான் செய்வார். அவரைத் திட்டாதே, கைகொடு.