விளா ஓட்டுக்குள் ஒரு முட்டை

ஒரு காட்டில் பெரிய ஆலமரம். அதன் பொந்துகளில் பலர் குடியிருந்தார்கள். அடிமரத்தில் கீரி காவல். அதனால் புதரில் கிடந்த நாகத்தால் மரமேற முடியவில்லை.

வெளியிலிருந்து பொட்டலங்களைக் காகம் கொண்டுவரும். கீரி பார்க்கும். பழம் போகலாம், விதை போகலாம். முட்டை மட்டும் போகக் கூடாது.

ஒருநாள் அணிலுக்கு ஒரு முட்டை வந்தது.

"உன் அக்கா அனுப்பியது. கிளிமுட்டையாம். கிளி வந்தால் உன் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளுமாம்" என்றது காகம்.

கீரி மறித்தது. "முட்டையா? கிடையாது."

"கீரி அண்ணே, இது கிளிமுட்டை!"

"கிளியா பாம்பா என்று ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பொரிந்த பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?" காகத்திடம் திரும்பியது. "அக்காவைப் பார்த்தாயா?"

"புதருக்குள்ளிருந்து குரல் வந்தது. சுமப்பதுதான் என் வேலை. விசாரிப்பது இல்லை."

"போய் அக்காவிடம் கேட்டுவிட்டு வா" என்று அணிலிடம் சொன்னது கீரி.

"அவ்வளவு தூரமா? எனக்கு நேரமில்லை" என்று அணில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. காகம் முட்டையைத் திரும்ப எடுத்துப் போனது.

மறுநாள் காகம் ஒரு விளாம்பழத்தோடு வந்து அணிலின் காதில் சொன்னது: "முட்டை இந்தக் குடைந்த பழத்துக்குள் இருக்கிறது. வாசலில் பழம் என்று சொல்லிவிடு. உள்ளே போய்ப் பழ ஓட்டை உடைத்து, முட்டையைக் குட்டிகளோடு சூட்டில் வை. அக்கா சொன்னாள்."

எதற்கு ஒளிக்க வேண்டும் என்று அணில் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

கீரி முகர்ந்து பார்த்தது. விளாம்பழ வாசனை. "பழம்தானே?"

"பழம்தான். வழியை விடு அண்ணே."

கீரி விலகியது.

காகம் சொன்னபடியே அணில் செய்தது. சில நாள் கழித்து அது இரை தேடிவிட்டுத் திரும்பியபோது பொந்தில் சத்தமே இல்லை. உடைந்த முட்டை ஓடு கிடந்தது. அதன் பக்கத்தில் வயிறு புடைத்த நாகக்குட்டி படுத்திருந்தது.

அலறல் கேட்டுக் கீரி ஓடிவந்து பாம்பைக் கடித்துக் கொன்றது. ஆனால் குட்டிகளின் உயிர் திரும்பவில்லை.

செய்தி கேட்டு அக்கா அழுதுகொண்டே வந்தாள். அணில் அவள்மேல் பாய்ந்தது. "ஏன் அக்கா அந்த முட்டையை அனுப்பினாய்?"

அக்காவுக்குப் புரியவில்லை.

"எந்த முட்டை?" என்றாள்.

நீதி: காட்டு வாசலானாலும் மின்னஞ்சலானாலும், தடுத்த ஒன்றை வேறு பெயரில் உள்ளே எடுத்துத் திறக்கச் சொன்னால், திறக்காதே, யார் அனுப்பியதாக வந்ததோ அவரிடமே நேரில் கேள்.