கார் புரோக்கரின் சுயசரிதை

கோத்தகிரியில் பழைய கார் விற்கும் பரந்தாமனுக்கு மீசையும் பெரிது, பேச்சும் பெரிது. அவரிடம் ஓர் ஆட்டோமேட்டிக் காரைப் பார்த்துவர டாக்டரம்மா தன் டிரைவர் ரெஜினாவை அனுப்பியிருந்தார்.

"வாரக்கணக்கா ஸ்டார்ட்டே பண்ணாத வண்டிம்மா. ஆனாலும் கியர் வெண்ணெய் மாதிரி மாறும். ஒரு குறை கண்டுபிடி, மீசையை எடுத்துடறேன். முடியலன்னா நீ டிரைவர் வேலையையே விட்டுடணும்!"

ரெஜினா பானெட்டைத் தொட்டாள். சுட்டது. ஓட்டினாள். வெண்ணெய்தான். என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"அது கிடக்கட்டும் சார். நீங்க எப்படி இவ்வளவு பெரிய ஆளா வந்தீங்க?"

கேட்டதுதான் தாமதம், பரந்தாமன் நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வந்தது, பஜ்ஜி வந்தது, அவரைக் கண்டு நடுங்கிய கலெக்டர்கள் வரிசையாக வந்தார்கள். கடைசியில் மலையிலிருந்து பனியும் இறங்கி வந்தது.

"கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கறேன் சார்."

பானெட்டைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. ஸ்டார்ட் செய்து கியர் லீவரை டிரைவுக்கு மாற்றினாள். என்ஜின் உறுமியது. கார் இம்மியும் நகரவில்லை.

"நீ வர்றதுக்கு முன்னாடி நல்லா சுடவச்சுத்தானே நிறுத்தியிருந்தேன்!" என்று பரந்தாமன் பதறிப்போய் வாயைவிட்டார்.

"ஸ்டார்ட்டே பண்ணாத வண்டியையா சார்?"

பரந்தாமனின் கை தானாக மீசைக்குப் போனது.

"எதிர்லயே சலூன் இருக்கு, வாங்க சார்," என்றாள் ரெஜினா. "மீதிக் கதையை அங்க உட்கார்ந்து சொல்லுங்க."