தக்கையைப் புடுங்கின மாப்பிள்ளை

காலை ஆட்டாம படு மருமவளே, அத்தை சொல்றேன். "ம்" கொட்டலைன்னா பாதியிலயே நிறுத்திடுவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு ராஜா. பீத்தல்னா அப்படி ஒரு பீத்தல். அவருக்கு ஒரே பொண்ணு, செண்பகவல்லி. அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: "குடிகாரனுக்கு மட்டும் என்னைக் கட்டி வெச்சிடாதீங்கப்பா." நியாயந்தானே?

ம்.

அப்புறம் பக்கத்து ஊர் ராஜா தன் மகனைக் கூட்டிக்கிட்டுப் பொண்ணு பாக்க வந்தார். "எம் பையன் மோரைக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பான்"னார். செண்பகவல்லிக்குப் பையனைப் பிடிச்சுப்போச்சு. மூக்கும் முழியுமா இருந்தான், பாவி.

அப்போ நம்ம ராஜாவுக்குப் பெருமை தாங்கல. கப்பல்ல வந்த துரை குடுத்த ஒயின் பாட்டிலைத் தூக்கிட்டு வந்தார். "சம்பந்தி, நாம பெரியவங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாய். அப்புறம் தட்டு மாத்திக்கலாம்." ஒயின்னா என்னவா? பெரியவங்க கசாயம். தூங்கு.

பாட்டில் வாயில தக்கை இறுகிக் கெடக்கு. ராஜா தங்கத்துல செஞ்ச திருகியை எடுத்தார். அதோட சுருள் கம்பியைத் தக்கைக்குள்ள விட்டு இழுத்தா, கிர்ர்ர்... தங்கம்ல, நெளிஞ்சு நிமிந்தே போச்சு!

அப்புறம் ரெண்டாவது. ரெண்டு பக்கப் பிடியையும் கை மாதிரி தூக்கிட்டு நிக்கிற பெரிய திருகி. மந்திரி அதுக்கு ஆயுத பூஜை போட்டு, சந்தனம், எண்ணெய்னு அப்பி வெச்சிருந்தார். ராஜா பிடிச்சு இழுத்தார். சொய்ங்! கையிலிருந்து வழுக்கிப் பறந்துபோய் சம்பந்தி தலப்பாவைத் தட்டி விட்டுடுச்சு. உள்ள பளபளன்னு வழுக்கை! சிரிக்காதடி, தூக்கம் போயிடும்.

ம்.

"சகுனமே சரியில்லை"ன்னு சம்பந்தி முறுக்கிக்கிட்டார். அப்போ மாப்பிள்ளைப் பையன், "இதுக்குப் போயா?"ன்னு எழுந்தான். இடுப்புலருந்து ஒரு சின்ன இரும்புத் திருகியை எடுத்தான். பிடியெல்லாம் கைபட்டுக் கைபட்டுத் தேஞ்சு கெடக்கு. பாட்டிலைப் பாக்கக்கூட இல்ல. கிர்க், கிர்க், கிர்க்... டப்! தக்கை கையில. ஒரு சொட்டு சிந்தல.

சபையே கை தட்டுச்சு. ராஜாவும் துள்ளித் துள்ளித் தட்டினார், மக்கு.

செண்பகவல்லி மட்டும் தட்டல. பிடிச்ச பையன்தான், ஆனாலும் எழுந்து கிட்ட வந்தா. திருகியை வாங்கித் தடவிப் பாத்துட்டுக் கேட்டா: "எத்தனை பாட்டில் தொறந்தா பிடி இப்படித் தேயும்?"

பையன் அவங்கப்பாவைப் பாத்தான். அவங்கப்பா விட்டத்தைப் பாத்தார்.

"அப்பா, திருகி நல்ல திருகி. இது நம்ம வீட்டுலயே இருக்கட்டும். மாப்பிள்ளையை அனுப்பிடுங்க"ன்னா.

அவ்வளவுதான். கதையும் காலி, பாட்டிலும் காலி, போத்திக்கிட்டுத் தூங்கு மருமவளே.